புதிதாக வந்த பால் பைத்தான் 75 நாள் தின்னாமல் கிடந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் ஓர் ஊர். விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுக்கும் குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். இனி அவரை உரிமையாளர் என்றே சொல்கிறேன். 2024 தீபாவளி முடிந்த கையோடு, கோவையில் இருந்த நண்பர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது தான் வளர்த்த பால் பைத்தானை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆண் பாம்பு, வயது இரண்டரை. நவம்பர் 10 அன்று வீட்டுக்கு வந்தபோது எடை 812 கிராம்.

நான் கால்நடை மருத்துவர். என் வேலையில் முக்கால்வாசி மாடும் நாயும்தான். சில வருடங்களாகக் கிளி, இக்குவானா, பாம்பு என்றும் ஆட்கள் வருகிறார்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாம்பு வளர்ப்பு என்றதும் எல்லோரும் கேட்பது அதைத்தான். நம் ஊர் நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. 2022-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வருவதால் அதை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. இவர்கள் விஷயத்தில் பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது. நண்பரின் பதிவும் இருந்தது, கைமாறியதற்கான பதிவும் இருந்தது. இல்லாதவர்கள் பாம்பு தின்னவில்லை என்று கவலைப்படும் முன் அதைப் பார்க்கட்டும்.

பெயரில் உள்ள பால் நம் பால் இல்லை, ஆங்கிலத்தில் பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் புல்வெளியிலும் காட்டோரத்திலும் இருக்கும் பாம்பு. பகலெல்லாம் எலி வளைக்குள்ளோ கறையான் புற்றுக்குள்ளோ கிடந்துவிட்டு இரவில்தான் வெளியே வரும். கூச்ச சுபாவம். தீனியை நிறுத்துவதில் பேர்போனது. வளர்ந்த ஆண் பாம்பு குளிர்மாதங்களில் ஒன்றிரண்டு மாதம் தின்னாமல் இருப்பது புதிதே இல்லை. இந்த வழக்கில் என்னைக் குழப்பியதும் அதுதான். நோயா, பயமா, பருவமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நண்பர் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார். இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், உயரம் குறைவு, உள்ளே இருட்டு. பத்து நாளைக்கு ஒருமுறை உறைய வைத்து உருக்கிய வெள்ளை எலி ஒன்று, சுமார் 90 கிராம். கடைசியாகத் தின்றது நவம்பர் 2. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தார். அந்தத் தாள் பல வாரம் மேசை டிராயருக்குள் இருந்தது.

முதல் ஐந்து வாரம்

புது உரிமையாளருக்குப் பாம்பின் மேல் ஆசை அதிகம். டப்பாவில் கிடந்ததைப் பார்த்துப் பாவப்பட்டு, நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினார். மீன் தொட்டிதான். உள்ளே ஒரு மரக்கட்டை, ஒரு தண்ணீர்க் கிண்ணம், பிளாஸ்டிக் செடி, மேலே சிவப்பு பல்பு. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஹாலில் டிவிக்கு எதிர்ப்பக்கம், வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை மேல் வைத்தார். வந்தவர்கள் பார்த்தார்கள், தொட்டார்கள், தோளில் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நண்பர் கொடுத்தனுப்பிய உறைந்த எலிகள் வழியிலேயே உருகிவிட்டன. அதனால் வந்த இரண்டாம் நாளே உயிருள்ள வெள்ளை எலி ஒன்றை விட்டுப் பார்த்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி. அப்புறம் சின்ன எலி. அப்புறம் பல்லடம் பக்கத்துக் குஞ்சுப் பண்ணையில் வாங்கிய ஒரு நாள் கோழிக்குஞ்சு. காட்டில் சின்ன வயதுப் பால் பைத்தான்கள் பறவைகளையும் பிடித்துத் தின்பவைதான், ஆகவே யோசனை அப்படியொன்றும் கிறுக்குத்தனம் இல்லை. ஆனால் எலியிலேயே வளர்ந்த பாம்புக்குக் குஞ்சு இரையாகத் தெரியாது. யாரோ சொன்னார்கள் என்று நாமக்கல் முட்டை ஒன்றைக்கூட உள்ளே உருட்டி விட்டிருக்கிறார்கள். ஐந்து வாரத்தில் மொத்தம் பதினோரு முயற்சி.

வீட்டில் ஆத்தா, அதாவது உரிமையாளரின் அப்பாவைப் பெற்றவர், வேறொரு பக்கம் யோசித்தார். "ஏஞ்சாமி, பேரே பால் பைத்தானுங்கறீங்க. பால் வெக்காம எலியக் குடுத்தா எப்படித் திங்கும்?" என்று கேட்டு ஒரு கிண்ணம் பால் வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர் அவர். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பெயர் அப்படி. பாம்புக்குப் பால் செரிக்காது என்று பிறகு நான் பக்குவமாகச் சொன்னபோது, "அப்ப தண்ணியாச்சும் நல்லாக் குடிக்குதா?" என்றார். அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத நல்ல கேள்வி.

நவம்பர் 30, சனி இரவு, உயிருள்ள எலியைத் தொட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். காலையில் பார்த்தால் எலி நலமாக இருந்தது. பாம்பின் முதுகில், வாலுக்குச் சற்று மேலே, மூன்று கடிக்காயம். பெரியது துவரம்பருப்பு அளவு. பசித்த எலி, ஓரமாகச் சுருண்டு கிடக்கும் பாம்பைக் கடிக்கும். பாம்பு பெரும்பாலும் எதிர்க்காது. வளர்ப்பவர்கள் பலர் இதை ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

டிசம்பர் 3 அன்று திருப்பூர் ஆபீசிலிருந்து எனக்கு போன் செய்தார். காயத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடின் தடவச் சொன்னேன், உயிருள்ள எலியை இனி விடவே வேண்டாம் என்றேன். தொட்டிக்குள் வெப்பம் எவ்வளவு என்று கேட்டதற்கு "32 டிகிரிங்க டாக்டர், கரெக்டா இருக்குது" என்றார். நான் அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். எங்கே வைத்து அளந்தது என்று கேட்கவில்லை.

நேரில் பார்த்தது: டிசம்பர் 15, ஞாயிறு

எனக்கு ஞாயிறுதான் ஓய்வு, அன்றைக்குப் போனேன். இந்தக் கிழமை பின்னால் முக்கியமாகிறது.

எடை 771 கிராம். வந்ததிலிருந்து 41 கிராம், கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவு. வாயைத் திறந்து பார்த்தேன். புண் இல்லை, கோழை இல்லை. மூச்சில் சத்தம் இல்லை. செதிலுக்கு அடியில் உண்ணி இல்லை. முதுகெலும்பு துருத்தவில்லை, கையில் எடுத்தால் தசை இறுக்கமாக இருந்தது. கடிக்காயம் ஆறிக்கொண்டிருந்தது. மலத்தைச் சோதிக்க வழியில்லை, தின்றால்தானே மலம்.

அந்த 32 டிகிரி, கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்த வட்ட வெப்பமானி காட்டியது. பாம்பு அங்கே இல்லை, தரையில் கிடக்கிறது. பல்புக்கு நேர் கீழே மரக்கட்டையின் மேற்புறம் 41, மறுகோடித் தரை 23. தீப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் இரவில் பல்பை அணைத்துவிடுவார்களாம். அதிக, குறைந்த அளவைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை ஓர் இரவு உள்ளே வைத்துப் பார்த்தபோது விடியற்காலையில் 21-க்கு இறங்கியிருந்தது. மார்கழி விடியல், கேட்கவா வேண்டும். அந்தச் சூட்டில் பாம்பு தின்றாலும் செரிக்காமல் கக்கிவிடக்கூடும்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு, இரண்டு வாரத்துக்குத் தீனியே காட்டக் கூடாது. ஐந்து வாரத்தில் பதினோரு முறை இரையைக் காட்டி, பதினோரு முறையும் பயமுறுத்தியிருக்கிறோம் என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவருக்கு இது பிடிக்கவில்லை. தின்னாத ஜீவனுக்குச் சோறே வைக்காதே என்று மருத்துவர் சொல்வது எந்த வீட்டிலும் எடுபடாது. உடம்பில் தசையும் கொழுப்பும் இருக்கிறது, இதற்குப் பட்டினி நம்மைப் போல இல்லை என்று கணக்கோடு சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது, பாம்பைக் கையில் எடுப்பது வாரம் ஒருமுறை, எடை போட மட்டும். ஞாயிறு காலை, சின்னத் தராசில், மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்து.

மூன்றாவது, தொட்டியை மாற்றி அமைத்தோம். புதிதாக வாங்கியதை மறுபடி டப்பாவாக்கச் சொன்னால் மனசு கேட்காது என்று நினைத்து, தொட்டியையே புற்றாக்கப் பார்த்தேன். மூன்று பக்கமும் கறுப்புப் பனியன் துணி ஒட்டினோம். இரண்டு மண்சட்டிகளை வாய்ப்பக்கம் உடைத்து, உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று கவிழ்த்து வைத்தோம். உள்ளே நுழைந்தால் உடம்பு நாலாபக்கமும் உரச வேண்டும், அவ்வளவு சின்னதாக. தரைக்குப் பொள்ளாச்சி தேங்காய்நார்த் துகள், உப்புப் போக நன்றாக அலசியது. ஈரம் பிடிக்க அதைவிட மலிவான பொருள் நம் பக்கம் கிடையாது. பல்பை எடுத்துவிட்டு அடியில் ஹீட் மேட் என்ற சூடேற்றும் பாய், அதன் சூட்டை அளவோடு நிறுத்தத் தெர்மோஸ்டாட், அதன் உணரி தரையில். சூட்டுப் பக்கம் 32, மறுபக்கம் 26.

நான்காவது ஒரு எல்லைக்கோடு: 731 கிராம். வந்த எடையில் பத்து சதவீதம் குறைந்தால் அந்த எண். அதைத் தொட்டால் கிளினிக்குக் கொண்டுவர வேண்டும், ரத்தப் பரிசோதனை, அதற்குமேல் தேவையானது. அதுவரை வாயைத் திறந்து ஊட்டுவது, பூச்சி மருந்து, வைட்டமின் எதுவும் கிடையாது. பயத்தில் இருக்கும் பாம்பின் வாயைப் பிளந்து திணித்தால் கக்குவதற்கும் வாய் புண்ணாவதற்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த தீனிக்கு இன்னும் மிரளும்.

உரிமையாளரின் தங்கை கல்லூரியில் படிக்கிறார். நோட்டு எழுதும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். எடை, வெப்பம் மட்டும் போதும் என்றேன். அவர் சும்மா இருக்காமல், பாம்பு சட்டியை விட்டு வெளியே வந்த நாளையும் நேரத்தையும் சேர்த்து எழுதினார். கடைசியில் வழி காட்டியது அந்த வரிகள்தான்.

இடையில் வீட்டில் ஒரு சின்னப் போர். அடுக்களை ஃபிரிட்ஜில் எலி வைப்பதா என்று அம்மா கொதித்துப்போய்விட்டார். அவர் பக்கம்தான் நியாயம். பழைய சின்ன ஃப்ரீசர் ஒன்றை வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அடுக்களைப் பாத்திரத்தை இதற்குப் புழங்கக் கூடாது, எடை போடும் தராசும் தனியாக இருக்கட்டும் என்பதையும் அப்போதே சொல்லிவைத்தேன். பாம்பின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வயதானவர் இருக்கும் வீடு.

ஓய்வும் முதல் தோல்வியும்

டிசம்பர் 22-ல் 764 கிராம். 29-ல் 757. வெப்பம் இரண்டு பக்கமும் சரியாக நின்றது. ஜனவரி 1, புதன் இரவு, உருக்கிய எலியை வெந்நீரில் வைத்து 38 டிகிரிக்குச் சூடாக்கி, துடைத்து, நீள இடுக்கியில் பிடித்துச் சட்டி வாசலில் உரிமையாளர் காட்டினார். இந்தப் பாம்புக்கு மேல் உதட்டு ஓரத்தில் சின்னக் குழிகள் வரிசையாக உண்டு. இருட்டில் இரையின் உடல்சூட்டை அவற்றால் உணரும். ஆறிப்போன எலி அதற்கு இரையே இல்லை. நாங்கள் எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தோம். பாம்பு கழுத்தை எஸ் மாதிரி பின்னுக்கு இழுத்து, சட்டிக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

எனக்கு அது நெருடியது. வெப்பம், மறைவு, ஓய்வு மூன்றும் கிடைத்த பிறகும் எலியைப் பார்த்து அலட்சியமாக இருந்தால் பருவப் பட்டினி என்று விட்டுவிடுவேன். இது அலட்சியம் இல்லை, மிரட்சி. ஜனவரி 5-ல் எடை 748.

புதன்கிழமை

அடுத்த தீனியை நானே பார்க்கிறேன் என்று ஜனவரி 8 சாயங்காலம் போனேன். புதன்கிழமை. தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே தறிச் சத்தம். அந்த ஊரில் அது எந்தத் தெருவிலும் கேட்கும், நான் கவனிக்கவில்லை. ஹாலுக்குள் போய் மேசையில் கையை ஊன்றியதும் உள்ளங்கையில் தெரிந்தது. தொட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தேன். நீரின் மேல் வட்ட வட்டமாக அலை, நிற்காமல்.

ஹாலின் மேற்குச் சுவர்தான் தறிக் குடோனின் கிழக்குச் சுவர். அந்தப் பக்கம் எட்டுத் தறி. ஒவ்வொன்றிலும் நூலைக் கொண்டு ஓடும் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிபடுகிறது. பாம்பு மேசை அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. காலை 6 மணி முதல் இரவு ஷிப்ட் வரை ஓட்டம். ஞாயிறு மட்டும் நிற்கும், திங்கள் காலைதான் மறுபடி ஓடும். நான் முதலில் வந்தது ஞாயிறு. உரிமையாளர் எனக்கு போன் செய்வது திருப்பூர் ஆபீசிலிருந்து. அவர்கள் சொல்லவில்லையே என்றால், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தறி ஓடினால் காதில் விழாது, நின்றால்தான் விழும். "தறிச் சத்தமுங்களா? அது எப்பவும் இருக்கறதுதானுங்களே" என்றார் அவர் அப்பா.

பாம்புக்கு வெளிக்காது இல்லை, செவிப்பறை இல்லை. ஆனால் உள்காது உண்டு. அது தாடையோடு சேர்ந்த எலும்பு வழியாக அதிர்வை வாங்குகிறது. இந்தப் பால் பைத்தானையே வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012-ல் வந்தது. தாழ்ந்த ஒலியில், 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை, அது நன்றாக உணர்கிறது என்றும், அதை மண்டையோட்டின் அதிர்வாகவே உணர்கிறது என்றும் காட்டினார்கள். தாடையை மேசையில் வைத்துக் கிடக்கும் பிராணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி என்றால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தங்கையின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். பாம்பு வெளியே வந்து நாக்கை நீட்டித் திரிந்ததாக நான்கு பதிவு: டிசம்பர் 22, டிசம்பர் 29, ஜனவரி 3, ஜனவரி 5. மூன்று ஞாயிறு. ஜனவரி 3 வெள்ளிக்கிழமை. அன்றைக்கு என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நூல் வர்லீங்க, அன்னிக்கு நைட் ஷிப்ட் ஓட்டுல" என்றார் அப்பா.

அன்றிரவு தீனி காட்டிப் பார்த்தோம். அதே பின்வாங்கல்.

உடனே இடத்தை மாற்றிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். இடமாற்றமே ஒரு அதிர்ச்சி. மாற்றிய பிறகு தின்னவில்லை என்றால் தறி காரணமில்லையா, மாற்றம் காரணமா என்று தெரியாமல் போகும். ஐந்து நாளில் பொங்கல் லீவு. 13-ஆம் தேதி சாயங்காலம் தறி நின்றால் 20 காலைதான் ஓடும். அதே இடம், அதே சட்டி, தறி மட்டும் இல்லை. இப்படி ஒரு சோதனை நாமாக ஏற்பாடு செய்தாலும் கிடைக்காது. அதற்குள் தின்றால் இடம் மாற்றுவது, தின்னாவிட்டால் 20-ஆம் தேதி கிளினிக்.

பொங்கல் லீவு

ஜனவரி 12-ல் எடை 740. உரிமையாளர் போன் செய்தார். "இன்னும் ஒம்பது கிராம்தானுங்க இருக்குது. வாயத் தொறந்து ஊட்டிறலாமுங்களா?" எனக்குமே கொஞ்சம் ஆட்டம்தான். பாம்பு தண்ணீர் குடிக்கிறதா, சுருண்டிருக்கும்போது பிடி இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம் என்றார். எல்லைக்கோட்டை வைத்ததே இந்த மாதிரி போனுக்காகத்தான், அதைத் தாண்டட்டும் என்றேன். எலியை மட்டும் 90-லிருந்து 60 கிராமுக்குக் குறைக்கச் சொன்னேன். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு பெரிய இரை கூடாது.

13, 14, 15 மூன்று நாளும் தீனி காட்டவில்லை. பாம்பு மூன்று இரவும் வெளியே வந்து திரிந்ததாக நோட்டில் இருக்கிறது. 16, வியாழன், பூப்பறிக்கிற நோன்பு. வீட்டுப் பெண்கள் எல்லாம் ஊர்க்காரர்களோடு கிளம்பிப் போய்விட்டார்கள். தங்கை மட்டும், எழுத வேண்டும் என்று தங்கிவிட்டார். இரவு ஒன்பதரை மணிக்கு விளக்கை அணைத்து, 60 கிராம் எலியைச் சூடாக்கிச் சட்டி வாசலுக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டினார்கள். நோட்டில் உள்ளபடி: "9.41 தலை வெளியே. 9.44 நாக்கு. 9.46 அடித்தது. சுற்றியது. 10.05 தலையிலிருந்து விழுங்க ஆரம்பம். 10.17 முடிந்தது." கடைசியாகத் தின்று 75 நாள்.

ஆறாம் நாள் மலம் போட்டது. நுண்ணோக்கியில் பார்த்தேன், புழு முட்டை எதுவும் இல்லை.

மறுபடி ஒரு சறுக்கல், பிறகு இடமாற்றம்

ஒரு தடவை தின்றுவிட்டதே, இனி சரியாகிவிடும் என்று வீட்டில் நினைத்தார்கள். இடம் மாற்றுவதில் கொஞ்சம் மெத்தனம். 20-ஆம் தேதி தறி ஓட ஆரம்பித்தது. 24, வெள்ளி இரவு, அதே 60 கிராம் எலியைக் காட்டியபோது பழையபடி கழுத்தைப் பின்னால் இழுத்தது. தின்று எட்டு நாள்தான் ஆகிறது, பசி இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கழுத்து இழுப்பு எனக்கு அடையாளம் ஆகிவிட்டது.

26, ஞாயிறு, தறி நின்றிருக்கும்போதே மாடியில் கிழக்குக் கோடி அறைக்கு மாற்றினார்கள். அந்த அறைதான் என்று முடிவு செய்த விதம் எளிது: முந்தின நாள் தறி ஓடும்போது எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீரை வீடு முழுக்க ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார்கள். எங்கே நீர் ஆடவில்லையோ அங்கே. மேசைக் கால்களுக்கு அடியில் பழைய லாரி டியூபை மடித்து வைத்தார்கள்.

பிப்ரவரி 2-ல் தின்னவில்லை. 9-ல் தின்றது. அது ஞாயிறு என்பதால் நான் கணக்கில் சேர்க்கவில்லை. 18, செவ்வாய் இரவு, கீழே எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருக்க, மேலே நாலு நிமிடத்தில் அடித்துப் பிடித்தது. அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஏப்ரல் 6-ல் 815 கிராம்.

கோடை

இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். கான்கிரீட் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை, சித்திரை வெயில். ஏப்ரல் 27-லும் மே 7-லும் தின்ன மறுத்தது. இந்த முறை மிரட்சி இல்லை, சட்டியை விட்டு வெளியேறித் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தது. ஹீட் மேட்டை அணைத்தும் மதியம் மூன்று மணிக்குக் குளிர்ந்த பக்கம் 36 காட்டியது. அது தீனிப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. மறுநாளே கீழே, வடக்குப் பக்கம் ஓடு வேய்ந்த சாமான் அறைக்கு இறக்கினார்கள். டம்ளர் சோதனையில் அது இரண்டாவதாக வந்திருந்த இடம். மே 18-ல் தின்றது. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வர ஆரம்பித்ததும் வெப்பம் தானாகவே அடங்கியது.

இப்போதைய நிலை

பிப்ரவரி 9 முதல் ஆகஸ்ட் 31 வரை 19 முறை தீனி காட்டியிருக்கிறார்கள், 16 முறை தின்றிருக்கிறது. மறுத்த மூன்றில் இரண்டு மேலே சொன்ன வெயில் நாட்கள். ஒன்று ஜூலையில் சட்டை உரிக்கும் முன், கண் நீலம் பாய்ந்திருந்தபோது. அந்த நேரத்தில் பெரும்பாலும் தின்னாது, காட்டியிருக்கவே வேண்டாம். காயம் இருந்த இடத்தில் செதில் கொஞ்சம் கோணலாக முளைத்திருக்கிறது. ஆகஸ்ட் 31-ல் எடை 902 கிராம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தறிதான் ஒரே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பொங்கல் இரவில் தறியோடு எலியின் அளவும் மாறியிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியது நான்தான். ஜனவரி பாதி தாண்டினால் ஆண் பாம்புகளின் குளிர்காலப் பட்டினி தானாகவே தளர்வதும் உண்டு. ஆனால் 24-ஆம் தேதி இரவையும் பிப்ரவரி 18 இரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் அந்தச் சுவர் மேல்தான் போகிறது.

டிசம்பர் 3 போனில் வெப்பமானி எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டிருந்தால் பன்னிரண்டு நாள் மிச்சம். ஞாயிறு பார்க்கப் போனது சரி, ஆனால் வேலை நாளில் அறையை அரை மணி நேரம் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது பாம்பு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளில், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதும் ஒன்று. தறி, மாவு மில், கம்ப்ரசர், வாஷிங் மெஷின், சப்வூஃபர் என்று பதில் வருகிறது.

பழைய டப்பாவை விட்டதும் தவறு. மனசு நோகும் என்று தொட்டியை ஒப்பேற்றியதற்குப் பதில், நண்பரின் டப்பாவையே பழைய தரைத்தூளோடு அப்படியே வாங்கி வந்து, முதல் மூன்று தீனி முடியும் வரை அதிலேயே வைத்திருந்து, பிறகு தொட்டிக்கு மாற்றச் சொல்லியிருக்கலாம். அந்த டிராயர்த் தாளை நான் படித்ததே டிசம்பர் கடைசியில்தான்.

நவம்பர் வந்தால் மறுபடி தீனியை நிறுத்தலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பத்து சதவீதக் கணக்கு இப்போது 902-லிருந்து. தங்கை நோட்டின் முதல் பக்கத்தில் பழைய 731-ஐ அடித்துவிட்டுப் புது எல்லையை எழுதினார்: 812. பாம்பு அந்த வீட்டுக்கு வந்த அன்று இருந்த எடை.